மெட்ரோ சிங்கமும் ஒன்பது மா வயலும்

சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. என்று நாங்கள் சொல்லும் மெட்ரோ ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு, அதன் சுரங்கச் சுவர்களைக் கட்டியவர்களில் எத்தனை பேர் ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் என்பது தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாக அவர்களோடு நிலத்துக்கு அடியில் வேலை பார்க்கிறேன். இயந்திரம் கீழே குடைந்துகொண்டு போகும்போது மேலே சாலை இறங்குகிறதா, கட்டடம் சாய்கிறதா, நிலத்தடி நீர் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று கவனிப்பது என் வேலை. புதிய தடம் ஒன்று தொடங்க இருந்தது. அதன் சுரங்கத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கத் தஞ்சாவூருக்குப் போய் வரச் சொன்னார்கள். கூடவே ஒரு கிளை வேலையும் இருந்தது: முருகையனைத் திரும்ப அழைத்து வர வேண்டும்.

முருகையன் யார் என்று சொல்லிவிடுகிறேன். சுரங்கம் தோண்டும் இயந்திரம் கொஞ்ச தூரம் மண்ணைக் குடையும். பிறகு நிற்கும். அது நிற்கும் நேரத்தில், வளைந்த கான்கிரீட் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றிலும் பொருத்தி ஒரு வளையமாக்க வேண்டும். வளையம் முடிந்ததும் இயந்திரம் அதையே உதைத்துக்கொண்டு முன்னால் போகும். ஒரு நகரத்தின் மெட்ரோ என்பது இப்படி ஒட்டவைத்த வளையங்களின் வரிசைதான். அந்தத் துண்டுகளைத் தூக்கிப் பொருத்தும் கையை இயக்குபவர் முருகையன். ஏற்கெனவே ரயில் ஓடிக்கொண்டிருந்த பழைய தடம் ஒன்றுக்குச் சில மீட்டர் கீழே நாங்கள் குடைந்துபோன நாட்களில், தலைக்கு மேல் வண்டி போகும் அதிர்வு கேட்கும். அவர் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனவர் திரும்புவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனில் கேட்டால், "நெலத்துல ஒரு கேஸு மேடம், முடிச்சுட்டுச் சொல்றேன்" என்பார்.

தஞ்சாவூரில் முதல் காலை நான் கவனித்தவை: அரிசி ஆலைப் பக்கத்திலிருந்து வந்த அவித்த நெல்லின் வாசனை. போக்குவரத்து விளக்கு இருந்தும் யாரும் அதைப் பொருட்படுத்தாதது. ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூன்று கட்சிக் கொடிமரங்கள், அவற்றில் எது உயரம் என்பதில் ஒரு போட்டி. சாப்பிட்ட கடையில் பொங்கலை இலையில் வைத்தவர், நான் கேட்காமலே நடுவில் குழி செய்து சாம்பாரை ஊற்றினார். எங்கள் ஊரில் உணவுக்கூடத்தில் தட்டை நானே தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டும். இங்கே தண்ணீர் டம்ளர் காலியானால்கூட ஒருவர் ஓடி வருகிறார். ஆனால் நான் எழுந்திருக்கும் முன்பே அடுத்த ஆள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

ஆள் தேர்வு புறவழிச்சாலையில் தகரக் கொட்டகை போட்ட ஒரு மைதானத்தில் நடந்தது. கம்பி வளைக்கிறவர்கள், பற்றவைக்கிறவர்கள், பளு தூக்கியை இயக்கத் தெரிந்தவர்கள் என்று வரிசையாக நின்றார்கள். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். சுரங்கத்தைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன்.

"மேடம், அடியில போன் எடுக்குமா?"

"சில இடங்களில் எடுக்காது."

"அப்ப இவனைக் கண்டிப்பா எடுங்க மேடம்," என்று பக்கத்திலிருந்தவன் சொன்னான். "பொண்டாட்டி ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ அடிக்கிறா. பாவம், ஒரு வருஷமாவது நிம்மதியா இருக்கட்டும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்தேன். பற்றவைப்பு சுத்தமாக இருந்தது. சிரிக்கவைத்தவனும் தேறினான்.

இரண்டாம் நாள் முருகையனின் ஊருக்குப் புறப்பட்டேன். கார் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். மினி பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கான தண்டனை பாதி வழியில் கிடைத்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தார். பாட்டை மட்டும் அணைக்கவில்லை.

"ரயில் எப்ப வரும்?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"வர்றப்ப வரும். எறங்கி டீ குடிச்சுட்டு வாங்க."

எங்கள் ஊரில் ரயில் சில நிமிடம் தாமதமானால் செய்தியாகிவிடும். மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே கேட்டை நம்பியே இரண்டு டீக்கடைகளும் ஒரு வெள்ளரிக்காய் வியாபாரமும் நடக்கின்றன. ரயில் நேரத்துக்கு வந்தால் இவர்கள் பாடு திண்டாட்டம்தான். வெள்ளரிக்காய் விற்ற அம்மா என் செருப்பையும் பையையும் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். சிங்கப்பூர் என்றேன்.

"சிங்கப்பூர்ல எங்க? துவாஸா, காக்கிபுக்கிட்டா?"

என் கல்லூரித் தோழிகள் சிலருக்கே காக்கி புக்கிட் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். தொழிலாளர் விடுதிகள் இருக்கும் இடம் அது. "என் மருமவன் அங்கதான் இருக்கான். லாரியில ஏத்திக்கிட்டுப் போவாங்களாம். ரயிலு கட்டுறவன் லாரியில போறான், பாருங்களேன்," என்றார். அவர் சொன்னது சரிதான். பணியிடத்துக்கு இவர்கள் லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்துதான் வருவார்கள். தாங்கள் கட்டிய நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை அட்டையைத் தட்டி உள்ளே போவார்கள், மற்ற பயணிகளைப் போல.

ரயில் வந்தது. நான்கைந்து பெட்டிகள். ஜன்னலில் கை வைத்திருந்த ஒருவர் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை கை அசைத்தார்.

ஊர் எல்லையில் ஒரு வாய்க்கால் பாலம். தண்ணீர் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. சருகும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தை அடுத்து ஒரு சுவரில், "எரிவாயுக் குழாய் பதிக்க எங்கள் மண்ணில் இடமில்லை" என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு எதிரில், சவுக்குக் கட்டைகள் நட்டு, என் முகத்தை ஓர் ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள்.

அந்த பேனரில் இருந்தவற்றைச் சொல்கிறேன். மேல் ஓரத்தில் தபால்தலை அளவில் கட்சித் தலைவர்கள். இடது பக்கம் தலைக்கவசத்தோடு முருகையன், பின்னால் சுரங்கம். அந்தப் படம் கடைசி வளையம் முடிந்த அன்று நான் எடுத்து அவருக்கு அனுப்பியது. அவர் தோளுக்கு மேல் ஒரு சிங்கம். நடுவில் அதிவேக ரயில் ஒன்று. அது எங்கள் ரயில் இல்லை, ஜப்பான் ரயில். வலது பக்கம் நான். குழுப் படத்திலிருந்து வெட்டியெடுத்ததால் காதோரம் வேறு யாருடைய தோளோ ஒட்டியிருந்தது. கீழே வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட நண்பர்கள். எழுத்து: "சிங்கப்பூர் நகரையே ஆறாண்டுகளாய்க் குடைந்தெடுத்த எங்கள் மெட்ரோ சிங்கமே! அண்ணனை நாடி வரும் பொறியாளர் அம்மாவே! வருக! வருக!"

"ஆறு இல்லை, நாலு ஆண்டுகள்தான்," என்றேன், வரவேற்க வந்த தங்கராசுவிடம். முருகையனின் பள்ளித் தோழர். ஊரில் மைக் செட் வைத்திருக்கிறார். பேனர் அவர் ஏற்பாடு.

"நாலுன்னு போட்டா எடுப்பா இல்ல மேடம். எங்க ஊரு ஆளு ஒரு ஊரையே கொடஞ்சிருக்கான், அதுல ரெண்டு வருஷம் நாங்க சேத்துப் போடக் கூடாதா?"

மொபெட்டில் வந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி பேனரை முழுதாக வாசித்தார். பிறகு என்னிடம் மிகுந்த மரியாதையோடு, "கொஞ்சம் பக்கத்துல நில்லுங்கம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்றார். நின்றேன். இரண்டு படம் எடுத்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஊரார் யாரோ என்று நினைத்தேன். தங்கராசுவின் முகம்தான் ஒரு மாதிரி ஆனது.

முருகையனின் வீடு கான்கிரீட் வீடு. முன்னறையில் அரசு கொடுத்த டிவியும், அதன் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த அதைவிடப் பெரிய டிவியும் இருந்தன. சாப்பாடு: மோர்க்குழம்பு, கீரைத்தண்டுக் கூட்டு, வாழைக்காய் வறுவல், அப்பளம்.

"போன லீவுக்கப்பறம் ரெண்டு வருஷமா வெரால் மீனு, வெரால் மீனுன்னு கெடந்தேன் மேடம்," என்றார் முருகையன். "வந்து எறங்குனா பொரட்டாசி."

"சாமிக்குப் பயப்படாதவங்க கடையில போயிச் சாப்புடலாம். யாரும் கையப் பிடிக்கல," என்றார் அவர் மனைவி வசந்தா. எனக்கு இரண்டாவது கரண்டி மோர்க்குழம்பு ஊற்றக் குனிந்தபோது அவர் கால்களைப் பார்த்தேன். விரல் இடுக்குகளில் ஊதா நிற மருந்து தடவியிருந்தது. சேற்றுப்புண். எங்கள் ஆட்களுக்கும் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேலை செய்தால் இதே புண் வரும். முதலுதவிப் பெட்டியில் இதற்கென்று களிம்பு வைத்திருக்கிறோம். நான் பார்த்ததைக் கவனித்து, சேலையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வயலை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஆள் விட்டுத்தான் மேடம்," என்றார் முருகையன். "வசந்தா வயப்பக்கமே போறதில்ல. கல்யாணத்தப்பவே சொல்லிட்டேன், இனிமே உன் காலு சேத்துல படாதுன்னு. அவங்க அப்பா, அண்ணந்தம்பி, பங்காளி எல்லாரும் இருந்த எடத்துல சொன்னது."

வசந்தா அப்பளத்தை நீட்டினார். தங்கராசு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டீக்கடை வாசலில் சுரங்கம் எப்படிக் கட்டப்படுகிறது என்று முருகையன் விளக்கினார். நான் இதற்குப் படங்கள் போட்டுக் காட்டுவேன். அவருக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. "ஒற கெணறு எறக்குறோம்ல, சிமெண்டு ஒற மேல ஒற வெச்சு? அதப் படுக்கப் போட்டுக்க. கெணறு பக்கவாட்டுல போகுது, அவ்வளவுதான்." எல்லோருக்கும் புரிந்துவிட்டது. உடனே ஒருவர் கேட்டார்: "மேல வீடு இருக்கும்ல? வீட்டுக்காரன் சும்மாவா விட்டான்?"

எங்கள் ஊரில் ஓர் ஆழத்துக்குக் கீழே உள்ள நிலம் அரசைச் சேர்ந்தது என்று சொன்னேன். மேலே சுவர்களில் அளவுக்குறிகள் பதித்து, தினமும் பார்த்து, இறக்கம் அதிகமானால் வேலையை நிறுத்துவோம் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

"இங்கயும் இப்பிடித்தான் சொன்னாங்க," என்றார் தங்கராசு. "மேல நீங்க பயிர் பண்ணுங்க, கீழ நாங்க காஸ் எடுத்துக்கறோம்னு. மேல் வூட்ல புருசன், கீழ் வூட்ல பொண்டாட்டின்னு இருந்தா அது குடும்பமா மேடம்?"



மூன்றாம் நாள் காலை, முருகையனின் வக்கீல் போனில் கூப்பிட்டார். போன் கட்டிலின் மேல் கிடந்தது, ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். முருகையன், வசந்தா, தங்கராசு, நான் நால்வரும் சுற்றி நின்றோம். வழக்கு என்ன என்று அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஒன்பது மா வயல், அதாவது மூன்று ஏக்கர், முருகையனுடையது இல்லை. சென்னையில் இருக்கும் ஒரு மிராசுதார் குடும்பத்துடையது. முருகையனின் அப்பா அந்த வயலில் கூலியாக இருந்து, சங்கத்தில் சேர்ந்து, சிறைக்குப் போய், குத்தகை உரிமை வாங்கினார். குத்தகைதாரரைச் சட்டம் காப்பாற்றுகிறது, ஒரு நிபந்தனையோடு: அவர் உடலுழைப்பு அந்த வயலில் இருக்க வேண்டும். பணம் அனுப்பி ஆள் வைத்துப் பயிர் செய்கிறவரைச் சாகுபடிதாரர் என்று சட்டம் ஒப்புக்கொள்ளாது. நிலத்தை மனையாக்கி விற்க விரும்பும் உரிமையாளர் தரப்பு, முருகையன் வெளியேற வேண்டும் என்று வருவாய் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தது. மறுநாள் விசாரணை.

"அவரு ஒரு தடவ போயிட்டு வந்தாருன்னு சொல்லிச் சமாளிக்கலாம்னு இருந்தேன்," என்றது வக்கீலின் குரல். "இப்ப எதிர்த்தரப்பு எனக்கு ஒரு படம் அனுப்பியிருக்கு. ஆறாண்டுகளாய்க் குடைந்தெடுத்தவர்னு அடிச்சு வெச்சிருக்கீங்க. பக்கத்துல இன்ஜினியரம்மாவே நிக்கிறாங்க. யாருய்யா இந்த யோசனை?"

தங்கராசு கட்டிலைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். மொபெட்டில் வந்தவர் மிராசுதாருக்காக நிலத்தைக் கவனிக்கும் காரியஸ்தர் என்று எனக்குப் புரிந்தது. முருகையன் மெதுவாக, "நாலு வருஷம்னாவது போட்டிருக்கலாம்லடா," என்றார்.

"எனக்கு எப்புடிடா தெரியும், பேனரு கோர்ட்டுக்குப் போவும்னு? கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கருமாதிக்கு எல்லாத்துக்கும்தான் வெக்கிறோம். இதுவரைக்கும் ஒரு பேனரையாவது எவனாவது முழுசாப் படிச்சிருக்கானா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம் ஒரு லெட்டர் குடுத்தா? நடவுக்கும் அறுப்புக்கும் இவன் ஊருக்கு வந்துட்டு வந்துட்டுத்தான் போனான்னு?"

"முடியாது," என்றேன். "அவர் அங்கே இருந்தார். வேலைத்தளத்தில் நுழையும்போதெல்லாம் அது பதிவாகியிருக்கிறது. பொய்யாக எழுத மாட்டேன்."

"வேண்டியதில்லம்மா," என்றது கட்டிலின் மேலிருந்த குரல். "இன்னொரு வழி இருக்கு. நான் முன்னாடியே சொன்னதுதான். குடும்பத்துல ஒருத்தர் உழைச்சாலும் சட்டத்துக்குப் போதும். உங்க சம்சாரம் எறங்கி வேலை செய்யறாங்கன்னு நீங்க சொன்னா இந்தக் கேஸே நிக்காது."

"அத நான் சொல்ல மாட்டேன் சார்," என்றார் முருகையன்.

"நெலம் போயிடும்யா."

"ஊரு முன்னாடி நின்னு, எம் பொண்டாட்டி சேத்துல கெடக்கிறான்னு எப்புடி சார் சொல்றது? அப்பறம் நான் எதுக்கு சிங்கப்பூரு போனேன்?"

போனை எடுத்து அணைத்துவிட்டு வெளியே போனார். வசந்தா அடுப்படிக்குப் போய் ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் அந்த வழியில் போனேன்.

வயலில் ஒரு மூலையில், ஆழ்குழாய்த் தண்ணீரில் முன்பே விட்ட நாற்றங்கால் பச்சையாக நின்றது. மற்ற இடமெல்லாம் உழுது தண்ணீர் கட்டி, நடவுக்குத் தயாராக இருந்தது. வசந்தா முழங்கால் வரை சேற்றில் நின்று, மடை ஒன்றை மிதித்து அடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு ஒளியவில்லை. இங்கே ஒளிவதற்கு இடமும் இல்லை. ஒரு மைல் தூரத்துக்கு எல்லாமே தட்டை. வரப்பில் போன இரண்டு பெண்கள், "என்ன வசந்தா, நாள் தாண்டி நாத்து பழுக்குது, கூட நட ஆளு கெடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. வாயால் மட்டும் யாரும் சொல்வதில்லை.

"நாளைக்கு நீங்களே சொல்லிவிடலாமே?" என்றேன்.

"நான் சொன்னா அவரு பொய் சொன்னவரு ஆயிருவாரு." மடையில் இன்னொரு பிடி மண்ணை வைத்தார். "நெலம் எனக்கு வேணுங்க. அவரவிட எனக்குத்தான் வேணும். ஆனா அவரு வாயால சொல்லட்டும். நாலு வருசமா நான் நட்டேன். போன்ல கேப்பாரு, ஆளு நட்டுட்டாங்களான்னு. நானும், ம், நட்டுட்டாங்கன்னு சொல்லுவேன். ஒரு தடவ, நீ நட்டேன்னு சொல்லட்டுமே."

"அவர் சொல்லாவிட்டால்?"

"அப்ப நெலம் போவட்டும்," என்றார். அதைச் சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காலை உருவிக்கொண்டு அடுத்த மடைக்கு நடந்தார்.

நான்காம் நாள் எல்லோரும் ஒரே காரில் தஞ்சாவூருக்குப் போனோம். முன்னிருக்கையில் தங்கராசு, யாரும் அவரோடு பேசவில்லை. அவர் பேனரை முந்தின நாளே அவிழ்க்கப் போயிருக்கிறார், அங்கே வெறும் சவுக்குக் கட்டைகள்தான் இருந்தன. பேனர் எங்கே போனது என்பது விசாரணை அறையில் தெரிந்தது.

அறை சின்னது. மேசைக்குப் பின்னால் அதிகாரி, சுவரோரம் பெஞ்சுகள், பெஞ்சு கொள்ளாத அளவுக்கு முருகையனின் ஊர்க்காரர்கள். காரியஸ்தர் அதே வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். படம் மட்டும் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, பேனரையே சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அதை அவர் தரப்பு வக்கீல் விரிக்கச் சொன்னார். அறையின் அகலம் போதவில்லை. சிங்கமும் முருகையனும் ரயிலும் உள்ளே விரிந்தார்கள். நான் பாதி மடிந்து வாசல்படியில் கிடந்தேன்.

அதிகாரி எழுந்து வந்து வாசித்தார். ஜப்பான் ரயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மெட்ரோவுக்கு என்ன வேலை பாத்தீங்க?" என்று முருகையனிடம் கேட்டார்.

"சொவரு கட்டுற வேலைங்கய்யா. அடியில."

"எத்தனை வருஷம்?"

"நாலு. அது தப்பாப் போட்டுருக்காங்க."

"நாலு வருஷமும் அங்கதான் இருந்தீங்களா?"

முருகையன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்கய்யா. நடுவுல ஒரு தடவ லீவுல வந்தேன்."

"அப்ப இந்த ஒன்பது மாவுல நடவு யார் நட்டது?"

எங்கள் வேலையில் ஒரு வளையத்தின் கடைசித் துண்டைப் பொருத்தும்போது யாரும் பேச மாட்டோம். அந்த அறையும் அப்படித்தான் ஆனது. வசந்தா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முருகையன் திரும்பி ஊர்க்காரர்களைப் பார்த்தார். பெஞ்சில் வசந்தாவின் அண்ணனும் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதிகாரி கேள்வியை இரண்டாம் தடவை கேட்கவில்லை, காத்திருந்தார்.

"எஞ் சம்சாரம்," என்றார் முருகையன். அதிகாரியின் பக்கம் திரும்பினார். "எஞ் சம்சாரந்தாங்கய்யா நட்டுச்சு. நாத்து உட்டது, பறிச்சது, நட்டது, தண்ணி கட்டுனது, எல்லாம் அதுதான். டிராக்டருக்கும் அறுப்பு மிசினுக்கும் பணம் நான் அனுப்புனேன். மத்தபடி நான் ஒண்ணும் செய்யல."

பெஞ்சுகளில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. யாரோ ஒருவர் மட்டும், "அதுதானே," என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் வசந்தாவிடம் வந்தார். "உங்க வீட்டுக்காரர் போன்ல சொல்லச் சொல்லத்தானேம்மா செஞ்சீங்க?"

"அவரு கூப்புடுற நேரத்துல நான் வயல்ல இருப்பங்கய்யா. மூணு தடவ அடிச்சா ஒரு தடவ எடுப்பேன்."

அறை சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார்; பிறகு நேரில் வந்து வயலைப் பார்ப்பதாகவும் அதற்கப்புறம் உத்தரவு போடுவதாகவும் சொன்னார். நாலு வருஷமாக உழைக்கிறவர் பெயர் குத்தகைப் பதிவில் ஏன் இல்லை, அதற்கும் ஒரு மனு கொடுங்கள் என்றார். வெளியே வந்ததும் எங்கள் வக்கீல், "ஜெயிச்ச மாதிரிதான்," என்றார். அடுத்த வழக்குக்கு உள்ளே போய்விட்டார். காரியஸ்தர் பேனரைச் சுருட்டித் தங்கராசுவிடம் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த தடவ அந்தம்மா படத்தப் பெருசாப் போடுங்கப்பா," என்றார். கேலியா, யோசனையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு கடையில் சாப்பிட்டோம். பரோட்டாவோடு கோழிக் குழம்பு வாசனையும் வந்தது. புரட்டாசி என்பதால் எல்லோரும் இட்லிதான். முருகையன் கனம் இறங்கியவர்போல நிறையச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து என்னிடம், "நான் வர்றேன் மேடம். எங்க கையெழுத்துப் போடணும்? புது லைன் மொத வளையம் நம்மதான்," என்றார்.

"யாரக் கேட்டு?" என்றார் வசந்தா.

முருகையன் திரும்பிப் பார்த்தார்.

"நாத்து பழுத்துக்கிட்டு நிக்குது. நடவுக்கு ஆளு இல்ல. அதிகாரி வந்து பாக்குறப்ப வயலு நட்டு இருக்கணும். எங்கிட்ட இருக்கறது ஒரு ஆளு, அவரயும் ஏரோப்ளேன்ல ஏத்தி உட்டுட்டு நான் என்ன பண்றது? நடவு முடியட்டும். களை ஒரு தடவ எடுத்து முடிக்கட்டும். அப்பறம் போவட்டும்."

"மேடத்துக்கு அங்க வேலை தொடங்கணும்ல."

"இங்கயும்தான் தொடங்கணும்."

முருகையன் என்னைப் பார்த்தார். நான் இட்லியைப் பார்த்தேன். "சரி," என்றார் அவர், மனைவியிடம். "மொதல்ல எந்தப் பக்கம் நடணும்?"

"வாய்க்காப் பக்கம். தெரியாதாக்கும்."

காரிலிருந்தே மேலாளருக்கு எழுதினேன். தேர்ந்தெடுத்தவர்களின் பெயர்களை வரிசைப்படுத்திவிட்டு, முருகையன் வருவார், ஆனால் சம்பா நடவும் முதல் களையும் முடிந்த பிறகுதான், அதுவரை முதல் வளையங்களுக்கு வேறொருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தேன். சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள். பின்னிருக்கையில் இருவரும் எத்தனை கட்டு நாற்று தேவைப்படும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். முருகையனின் கணக்கு ஒவ்வொரு முறையும் திருத்தப்பட்டது.

பதில் ஊர் எல்லைக்கு வருவதற்குள் வந்துவிட்டது. மேலாளர் ஆட்சேபிக்கவில்லை. திட்ட அட்டவணையில் தாமதத்தைப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், அதை முடிவு செய்த பொறுப்பாளரின் பெயரும் பதவியும் வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார்.

"வசந்தா, சாகுபடிதாரர்," என்று எழுதி அனுப்பினேன்.